பெயர் தீர்மானிக்கப்படும்வரை துருசு பூட்டப்பட்டிருக்கும்

முதலைமடு வயல்வட்டைக்கு ஸுஹைறாவை விதானையாகத் தெரிந்தெடுத்த அன்று கூட்டத்தில் ஒரு சண்டையும் நடக்கவில்லை. போன தடவை விதானையைத் தெரிந்தெடுக்கும்போது கதிரைகளும் ஒருவருடைய முன்பல்லும் உடைந்திருந்தன. இந்தத் தடவை பெரிய காணிக்காரரான போடியார் அபுல் ஹஸன் சாரனை உயர்த்திக் கட்டிக்கொண்டு எழும்பினார்.

"விதானை சீனிமுகம்மது உழவு மெசினால விழுந்து இடுப்பு முறிஞ்சு கிடக்கக்குள்ள நம்மட வயலுக்குத் தண்ணி காட்டினது ஆரு? அவன்ட பொஞ்சாதிதானே? அப்ப அவதான் விதானை. கைய உயர்த்துங்க."

எல்லாக் கைகளும் உயர்ந்தன. உயர்த்தாதவன் ஒருவன்தான். அவன் தூங்கிக்கொண்டிருந்தான்.

வட்டைவிதானை என்பது குளிரறையில் இருந்து பார்க்கிற உத்தியோகம் அல்ல. வாய்க்காலின் தலைப்பில் துருசு என்று ஒரு இரும்புக் கதவு இருக்கும். அதன் பூட்டுச் சாவி, ஊர்ப்பேச்சில் திறப்பு, விதானையின் மடியில் இருக்கும். எந்த வயலுக்கு எப்போது தண்ணீர் என்று விதானை சொல்ல வேண்டும். தண்ணீர் கிடைக்காதவன் ஏசுவான். கிடைத்தவன் போதாது என்று ஏசுவான். அறுவடையில் காணிக்காரர்கள் கொஞ்சம் நெல் அளந்து கொடுப்பார்கள். சேறு, அட்டை, பாம்பு, ஏச்சு, நெல். இவ்வளவுதான் உத்தியோகம். புருஷன் படுக்கையில் விழுந்த நாளிலிருந்து ஸுஹைறா இவை எல்லாவற்றையும் பார்த்துவிட்டாள், நெல்லைத் தவிர. நெல்லைச் சீனிமுகம்மதின் பெயரில் அளந்தார்கள்.

கூட்டத்துக்குத் தலைமை தாங்கியவர் கல்முனையில் இருக்கும் பிராந்திய நீர்ப்பங்கீட்டுப் பணிமனையின் பணிப்பாளர் ஸைனுலாப்தீன். பெயரை எழுதினார். ஊரை எழுதினார். பதவி என்ற இடத்தில் 'விதானையார்' என்று தொடங்கியவர், பேனாவை நிறுத்தி ஸுஹைறாவை நிமிர்ந்து பார்த்தார். ஒரு பெண் முன்னால் நிற்பதை அப்போதுதான் கண்டவர்போல இருந்தது அந்தப் பார்வை.

"ஒரு பெண்மணியை ஆண்களின் பதவிப்பெயரால் அழைத்து அவமதிக்கின்ற நிறுவனம் அல்ல எங்களுடையது" என்றார். "தகுந்த பெயர் தீர்மானிக்கப்பட்டதும் நியமனம் வழங்கப்படும்."

ஸுஹைறாவுக்கு அது நல்ல வார்த்தையாகத்தான் பட்டது. சீனிமுகம்மதின் பழைய நியமனம் முடிகிற மட்டும் திறப்பு அவள் வீட்டு ஆணியில்தான் தொங்கியது. முடிந்த அன்று பணிமனை ஜீப் வந்து வாங்கிக்கொண்டு போனது. புதுக் கடிதத்தோடு நாளைக்கே தருவோம் என்றார்கள். துருசில் ஒரு பலகையையும் கட்டினார்கள்: 'பெயர் தீர்மானிக்கப்படும்வரை துருசு பூட்டப்பட்டிருக்கும்.'

நாளை வந்தது, போனது. கச்சான் காற்று பிடித்துவிட்டது. வயலில் நின்ற கடைசித் தண்ணீரையும் அது நக்கிக்கொண்டு போயிற்று. நெல் வேளாண்மை குடலைக்கு வந்து, கதிர் உள்ளே நின்று மூச்சு முட்டுகிற நேரம். வரம்பில் நடந்தால் வெடிப்புக்குள் செருப்பு சிக்கியது. மேல் வட்டையில் யாரோ போன வருஷம் பூட்டை உடைத்து, இன்னும் வழக்குக்கு அலைகிறார்கள். ஆகவே பூட்டில் கைவைக்க யாரும் தயாரில்லை. ஏச்சு மட்டும் வழக்கம்போல ஸுஹைறாவுக்கே வந்தது.

அவள் நிந்தவூரில் பஸ் ஏறிக் கல்முனைக்குப் போனாள்.

பணிமனை வாசலில் பெனடிக் இருந்தார். அவரை ஊருக்கே தெரியும். நாற்பது வருஷமாகப் பியோன்.

"பெனடிக் அண்ணன், பெரியவர் இரிக்காரா?"

"மெல்லமாக் கதை தங்கச்சி. நான் இப்ப பியோன் இல்ல. பியோன் எண்டா மனம் நோகுமாம். அலுவலக ஒத்திசைவு உதவுநர்."

"மாஷா அல்லாஹ். பெரிய மாத்தம்தானே?"

"ஓம். முந்திப் பியோன் எண்டு ஒரு சத்தம் வைப்பாங்க, ஓடுவன். இப்ப இந்தப் பேரச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள தேத்தண்ணி ஆறிருது. ஆறின தேத்தண்ணிக்கும் எனக்குத்தான் ஏச்சு." தான் இருந்த கதிரையைத் தட்டிக் காட்டினார். அதன் ஒரு காலுக்குக் கீழே செங்கல் வைத்திருந்தது. "பேர மூணுதரம் மாத்திட்டாங்க. இதத்தான் ஒருத்தரும் மாத்தல்ல."

உள்ளே அவளை வரவேற்றவர் பணிப்பாளர் அல்ல, மொழி மாண்பு இணைப்பாளர் ஸப்ரி. மெலிந்த பையன். கொழும்பில் ஒரு ஹோட்டலில் இதற்கென்றே நடந்த பயிற்சியை எடுத்து வந்தவர். நல்ல மனது. குரலை ஆஸ்பத்திரியில் கதைப்பதுபோல வைத்துக்கொண்டு கேட்டார்.

"உங்கள ஆக்கள் விதானை எண்டு கூப்பிடக்குள்ள உங்களுக்கு என்ன மாதிரி இரிக்கும்?"

ஸுஹைறா யோசித்தாள். "தண்ணி கேக்கிறாங்க எண்டு விளங்கும்."

"அதில்ல. மனசில? உள்ளுக்குள்ள ஒரு வலி?"

"வலி முழங்கால்லதான் தம்பி. சேத்துக்குள்ள நிண்டு நிண்டு."

ஸப்ரியின் முகம் வாடியது. "பாருங்க, நீங்க புண்பட்டிருக்கீங்க. அது உங்களுக்கே தெரியல்ல. புண்பட்டன் எண்டு ஒரு வார்த்த சொல்லுங்க. அதுக்குப் பிறகு ஒருத்தரும் ஒண்ணும் செய்ய ஏலாது. புண்பட்ட ஆள்ட கையில இரிக்கிற எதையும் விசாரணை முடியிற மட்டும் திருப்பி வாங்கப்படாது. அது எங்கட விதி."

"என்ட கையில ஒண்ணுமில்லயே தம்பி. திறப்ப நீங்கதானே கொண்டு போனீங்க?"

"அது வேற பகுதி" என்றார் ஸப்ரி.

"எனக்கு ஒரு நோவும் இல்ல. விதானை எண்டா விதானைதான். திறப்பத் தாங்க, நான் போறன். வெள்ளாம காயுது."

"நீங்க நோகல்லாட்டியும் பரவால்ல" என்றார் ஸப்ரி கனிவோடு. "உங்களுக்காக நாங்க நோகிறம்."

அவளுக்காக நோகிறதற்கு ஒரு குழு போட்டார்கள். பதவிப்பெயர் மரியாதைக் குழு. அது கூடிய நாளில் ஸுஹைறாவையும் அழைத்துச் சுவரோரம் ஒரு கதிரை கொடுத்தார்கள். அவள் பேச வேண்டியதில்லை, இருந்தால் போதும் என்றார்கள். பணிப்பாளர் எழும்பி உரையாற்றினார்.

"பெண்களை மதிப்பது எங்கள் பணிமனையின் பாரம்பரியம். இங்கு ஒரு பெண் உத்தியோகத்தரின் மேசை குளியலறைக்குப் பக்கத்தில் இருக்கிறதென்றால், அது அவருடைய வசதிக்காக. பதவி உயர்வின் பாரத்தை எந்தப் பெண்மீதும் நாங்கள் இதுவரை சுமத்தியதில்லை. தேநீர் பரிமாறுகின்ற கௌரவத்தில்கூடப் பெண்களுக்கே முதலிடம்." அப்படியே திரும்பி, "செசிலி, தேத்தண்ணி" என்றார்.

கணக்குப் பகுதியில் இருந்த செசிலி பைலை மூடிவிட்டு எழும்பினாள். அவளுக்குப் பெனடிக் தட்டைத் தூக்கிக் கொடுத்தார்.

பிறகு பெயர்கள் வந்தன. 'விதானைச்சி' என்றார் ஒருவர். அது காதுக்கு மட்டமாக இருக்கிறது என்று இன்னொருவர் புண்பட்டார். 'விதானையம்மா' என்றதும், பிள்ளை பெற்றால்தான் பெண்ணா என்று ஸப்ரி புண்பட்டார். ஸுஹைறாவுக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள், ஆனாலும் அவர் புண்பட்டார். 'பெண் விதானை' என்பது ஏறக்குறைய முடிவாகிற நேரம், பக்கத்து வட்டைகளின் விதானைமார் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள்.

"அவ பெண் விதானை எண்டா நாங்க என்ன? ஆண் விதானையா? காளமாட்டுக்கு அடையாளம் வைக்கிற மாதிரி எங்களுக்கும் வைக்கப் போறீங்களா?"

அவர்களும் புண்பட்டதாகப் பதிந்தார்கள். கடைசியில் 'வட்டை நீர் நெறியாளுநர்' என்று ஒன்று வந்தது. அதற்கு ஒருவரும் புண்படவில்லை, ஏனென்றால் ஒருவருக்கும் விளங்கவில்லை. விளங்காத காரணத்தால் அதை மேலிடத்தின் அங்கீகாரத்துக்கு அனுப்பினார்கள்.

ஸுஹைறா கதிரையிலிருந்து மெதுவாகக் கேட்டாள். "பேரு வந்து சேருற மட்டும் திறப்பத் தரலாமே? பேரு பூட்டத் திறக்காதுதானே?"

பணிப்பாளர் சிரித்தார். "அவசரப்படாதீங்க. இது உங்கட மானப் பிரச்சின."

"மானம் தப்பிரும் சேர். வெள்ளாமதான் போயிரும்."

அவள் சொன்ன 'சேர்' என்ற சொல்லை ஸப்ரி உடனே குறித்துக்கொண்டார். மறுநாள் சுற்றறிக்கை வந்தது. பதவிப்பெயர் அங்கீகரிக்கப்படும்வரை விதானை என்ற சொல்லை எவரும் பாவிக்கக் கூடாது. அதோடு சேர், மிஸ், காக்கா, ராத்தா, அண்ணன், தங்கச்சி, போடியார் முதலிய ஆண் பெண் காட்டும் அழைப்புச் சொற்கள் யாவும் பணிமனையிலும் அதன் வட்டைகளிலும் தடைசெய்யப்படுகின்றன.

அதன் பிறகு அந்தப் பணிமனையில் ஒருவரை ஒருவர் கூப்பிட வழியில்லாமல் போனது. கை தட்டினார்கள். இருமினார்கள். பணிப்பாளர் மேசையில் ஒரு மணியை வைத்துக்கொண்டார். ஆட்டு மந்தைக்குள் நிற்கிற மாதிரி இருக்கிறது என்று பெனடிக் சொன்னார், சொல்லிவிட்டு ஆடுகள் புண்படுமோ என்று சுற்றிப் பார்த்துக்கொண்டார்.

சுற்றறிக்கையின் பிரதி ஒன்று முதலைமடு வட்டைக்கும் வந்தது. வாடிக் குடிசைக்குள் எல்லாரையும் வைத்து ஸுஹைறா வாசித்தாள். போடியாரின் வயலைச் செய்கிற முல்லைக்காரன் ஜவுபர் தலையைச் சொறிந்துகொண்டு கேட்டான். கேட்டு முடிந்ததும் அவன் முகம் வெளித்தது.

"இது நம்மட களவெட்டிக் கதைதானே!"

மற்றவர்களுக்கும் உடனே விளங்கிவிட்டது. அந்தப் பக்கத்தில் சூடடிக்கிற களவெட்டிக்குள் சாமான்களைப் பெயர் சொல்லக் கூடாது. சொன்னால் பறக்கத்து என்கிற விளைச்சலின் அருள் போய்விடும். நெல்லைப் பொலி என்பார்கள், மாட்டை வாரிக்காலன் என்பார்கள், ஓலைக்கூடையான கடகத்தைப் பெருவாயன் என்பார்கள். இப்போது மெசின் வந்து வெட்டி அடித்துத் தந்தாலும் வாய் மறக்கவில்லை.

"கல்முனைக் கந்தோர்லயும் பறக்கத்துப் போகப் பாக்குது போல" என்றார் அபுல் ஹஸன் கவலையோடு. "அதான் பேரு சொல்லப்படா எண்டிரிக்காங்க. பாவம். அதக் காப்பாத்திக் குடுத்தா நமக்குத் தண்ணி தருவாங்க. எல்லாரும் வாயக் காத்துக்குங்க."

ஸுஹைறாவுக்கு அப்படித் தோன்றவில்லை. ஆனால் எப்படித் தோன்றுகிறது என்றும் அவளால் சொல்ல முடியவில்லை. ஜவுபர் பெயர்கள் வைத்தான். திறப்பு இரும்புவிரலன். தண்ணீர் தவழ்வான். பணிப்பாளர் மணிகிலுக்கி.

மேலிடம் பதில் எழுதவில்லை. ஆனால் பெண்கள் கௌரவிப்பு விழாவுக்கு நாள் குறித்துவிட்டது, கொழும்பிலிருந்து அதிதியும் வருகிறார். பணிப்பாளர் அசரவில்லை. துருசடியில் பந்தல் போட்டார்கள். பதாகை கட்டினார்கள். 'எமது பிராந்தியத்தின் முதலாவது .................... அவர்களை வாழ்த்துகிறோம்' என்று அதில் இருந்தது. பெயர் வந்தால் எழுதலாம் என்று புள்ளிகளை நல்ல நீளமாகவே போட்டிருந்தார்கள். திறப்பைச் சிவப்பு வெல்வெட்டுப் பெட்டிக்குள் வைத்துச் செசிலியிடம் பிடிக்கக் கொடுத்தார்கள். அது காட்டுவதற்கு மட்டும். கொடுப்பது பெயர் வந்த பிறகு.

ஸுஹைறா விடியலிலேயே வயலைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். ஒரு குடலையைப் பிரித்துப் பார்த்தாள். உள்ளே கதிர் இன்னும் பச்சையாகத்தான் இருந்தது. இன்றைக்குத் தண்ணீர் வந்தால் பிழைக்கும். பூட்டியிருந்த கதவுக்குப் பின்னால் பெரிய வாய்க்கால் நிரம்பி நின்றது. முன்னால், கதவின் கசிவில் எருமைகள் கிடந்து உழக்கிய கறுத்த சேற்றுக்குழி. அதற்கு மேலே ஒரு பலகைப் பாலம். பாலத்தின் நடுப்பலகை உக்கி இற்றுப்போனது அவளுக்குத் தெரியும். அவள் எப்போதும் அதைத் தாண்டித்தான் கால் வைப்பாள். இன்றைக்கு அதன்மேல் சிவப்புக் கம்பளம் விரித்திருந்தார்கள்.

அதிதி வருமுன் பேச்சைச் சரிபார்க்கப் பணிப்பாளர் விரும்பினார். அதிதியிடம் என்ன சொல்லப் போகிறார்கள் என்று வட்டையாட்களை விசாரித்தார். ஜவுபர் கைகட்டி நின்று பணிவாகச் சொன்னான்.

"இரும்புவிரலனத் தந்தா தவழ்வான் வருவான். தவழ்வான் வந்தா பொலி தப்பும். பெருவாயன் நிறையும்."

பணிப்பாளர் ஸப்ரியைப் பார்த்தார். விளங்கவில்லை என்று காட்ட அவருக்கு விருப்பமில்லை. "நல்ல கருத்து" என்றார்.

ஸப்ரி மட்டும் குறிப்பெடுத்தார். "பெருவாயன் எண்டா ஆரு?"

"கடகம்."

"கடகத்தச் சுமக்கிறது ஆரு?"

"கூடுதலா பொம்புளையள்தான்."

"அப்ப ஏன் பெருவாயன்? ஏன் ஆணாக்கி வச்சிரிக்கீங்க?" ஸப்ரியின் குரல் நடுங்கியது. கடகத்துக்கு ஒரு உபகுழு போட வேண்டும் என்று அவர் எழுதிக்கொண்டார். ஜவுபர் தன் வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு கடகத்துக்குச் செய்த அநியாயத்தை எண்ணித் தலை குனிந்தான்.

பணிப்பாளர் படத்துக்கு நிற்பதற்காகக் கம்பளத்தில் ஏறினார்.

ஸுஹைறா வாயைத் திறந்தாள். சேர் என்று கூப்பிடக் கூடாது. காக்கா என்றும் கூடாது. அந்த ஆளை வேறு எப்படிக் கூப்பிடுவது? "இந்தா..." என்றாள். அது மரியாதையாகப் படவில்லை. பெனடிக்கும் அந்தப் பலகையைக் கண்டுவிட்டார். இரண்டு தரம் பலமாக இருமினார். பணிப்பாளர் அந்த இருமலை மரியாதை என்று எடுத்துக்கொண்டு தலையை அசைத்தபடி நடுப்பலகையில் கால் வைத்தார்.

கம்பளத்தோடு போய்ச் சேற்றில் இடுப்புவரை இறங்கினார்.

ஒருவரும் அசையவில்லை. யாரையும் கூப்பிட்டிருக்கவில்லையே. பணிப்பாளர் கைகளை வீசினார். வீச வீச இறங்கினார்.

"வட்டை நீர் நெறியாளுநர் அவர்களே!" என்று கத்தினார்.

"ஆரக் கூப்பிடுறாரு?" என்று ஜவுபர் கேட்டான்.

"தெரியல்லயே. கொழும்பு ஆளாக்கும்" என்றார் அபுல் ஹஸன்.

சேறு நெஞ்சைத் தொட்டது. அப்போது பணிப்பாளரின் அடிவயிற்றிலிருந்து, எந்தக் குழுவையும் கேட்காமல், ஒரு சொல் வந்தது.

"விதானே! புள்ள விதானே! கையத் தாங்க!"

ஸுஹைறா சட்டென்று மம்பட்டிப் பிடியை நீட்டினாள். ஜவுபர் அவள் பின்னால் நின்று இழுத்தான். எருமைக்கன்றை இழுப்பதுபோல இழுத்துக் கரையில் போட்டார்கள். பணிப்பாளர் எழும்பி நின்றார். கண் இரண்டும் பல்லும்தான் அவருடையவை, மற்றதெல்லாம் சேறு. தூரத்தில் கிறவல் ரோட்டில் புழுதி எழும்பியது. அதிதியின் வாகனம்.

"தண்ணி! தண்ணி கொண்டு வாங்க!"

பெனடிக் ஒரு போத்தல் தண்ணீரைத் தலையில் ஊற்றினார். ஒரு காது வெளியே வந்தது.

"இது காணாது! இஞ்ச எங்க தண்ணி இரிக்கி?"

"அங்கால இரிக்கி" என்றாள் ஸுஹைறா. "பூட்டுக்குப் பின்னால."

"அப்ப திறங்க!"

"நான் ஆரு திறக்க? அது இன்னும் முடிவாகல்லயே."

பணிப்பாளர் புழுதியைப் பார்த்தார். தன் காற்சட்டையைப் பார்த்தார். "நீங்கதான் விதானை! நான் சொல்லுறன், நீங்கதான்! செசிலி, அந்தப் பெட்டியக் குடுங்க!"

செசிலி பெட்டியை நீட்டினாள். தேத்தண்ணி நீட்டுகிறபோது அவள் முகத்தில் இப்படி ஒரு சந்தோஷத்தைப் பெனடிக் ஒருநாளும் கண்டதில்லை.

பூட்டுத் திறந்தது. ஸுஹைறா சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்துத் திருகினாள். கதவு முனகியது. அடைபட்டுக் கிடந்த தண்ணீர் அறிவிப்புப் பலகையைத் தூக்கி எறிந்துகொண்டு பாய்ந்தது. வாய்க்கால் ஓரத்தில் இறங்கி நின்ற பணிப்பாளரைக் கழுவியது. பிறகு அவரைத் தாண்டி வாய்க்காலில் இறங்கி, கிளைகளில் பிரிந்து, வெடிப்புகளுக்குள் கடகடவென்று குடிபட்டது. முதலைமடு வட்டை முழுவதும் ஒரு மனுஷனின் காற்சட்டையைக் கழுவிய தண்ணீரில் நனைந்தது. ஸுஹைறா சக்கரத்தை விட்டு அசையவில்லை. போதும், போதும் என்று பணிப்பாளர் கை காட்டினார். அது அவளுக்கு விளங்கவில்லை.

அதிதி வந்து இறங்கினார். கௌரவிப்பு விழாவில் பணிப்பாளரே வாய்க்காலில் இறங்கி நிற்பதைக் கண்டு நெகிழ்ந்து, இப்படிப்பட்ட உத்தியோகத்தர்கள்தான் நாட்டுக்குத் தேவை என்றார். பதாகையை உரக்க வாசித்தார். புள்ளிகள் வந்த இடத்தில் தொண்டையைச் செருமினார். எல்லாரும் கை தட்டினார்கள்.

அடுத்த நாள் ஸப்ரி மோட்டார் சைக்கிளில் வயலுக்கு வந்தார். முகம் இறுகியிருந்தது. ஸுஹைறா வரம்புக்கு மண் அணைத்துக்கொண்டு நின்றாள். திறப்பு அவள் இடுப்பில் முடிந்திருந்தது.

"நேத்து நடந்தது அவசரத்தில நடந்த கைமாற்றம். முறையான நியமனம் இல்ல. திறப்பத் திருப்பி எடுத்துட்டு வரச் சொன்னாரு."

அவள் தண்ணீருக்குள் நின்ற வேளாண்மையைப் பார்த்தாள். அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கதிர் தலை காட்டியிருந்தது.

"இன்னொண்டு" என்று ஸப்ரி தயங்கினார். "பணிப்பாளர் சுற்றறிக்கைய மீறி, எல்லாருக்கும் முன்னால உங்கள விதானை எண்டு கத்தினாரு. நான் கேக்கத்தான் வேணும். உங்களுக்கு..."

ஸுஹைறா மம்பட்டியை வரம்பில் ஊன்றினாள்.

"ஓம் தம்பி" என்றாள். "நோகத்தான் செஞ்சிச்சு."

ஸப்ரி நிமிர்ந்தார். "மெய்யாவா?"

"ராவெல்லாம் நித்திர இல்ல. புள்ள எண்டும் கூப்பிட்டாரு. அதுவும் சேத்துக்குள்ள நிண்டு." முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அது வியர்வைதான். "சரியாப் புண்பட்டுட்டன்."

ஸப்ரியின் கண்கள் கலங்கிவிட்டன. கொழும்பில் படித்தது வீண்போகவில்லை. கடகத்தைக் கணக்கில் எடுக்காவிட்டால் வட்டைக்குள் அவருக்குக் கிடைத்த முதல் புண் இதுதான். "பயப்படாதீங்க. இனி விசாரணை முடியிற மட்டும் உங்கட கையில இரிக்கிற ஒண்டையும் ஒருத்தரும் திருப்பிக் கேக்க ஏலாது. திறப்பும்தான். நான் பாத்துக்கிறன்." பேனாவை எடுத்தார். "இது ஆற எவ்வளவு காலம் எடுக்கும் எண்டு நினைக்கிறீங்க?"

அவள் வட்டையை ஒரு கரையிலிருந்து மறு கரை வரைக்கும் பார்த்தாள்.

"வெள்ளாம வெட்டி முடியிற மட்டும் ஆறாது தம்பி."

எழுதிக்கொண்டிருந்த ஸப்ரியைத் தாண்டி, மற்றக் கிளை வாய்க்காலுக்குத் தண்ணீர் திருப்ப அவள் போய்விட்டாள்.